வெயில் 104, ஏறப்போவது 3: கூட்டினால் எவ்வளவு?

கோடை வந்தால் நம் பத்திரிகைகளில் தவறாமல் வரும் செய்தி, வெயில் சதமடித்தது என்பது. அந்தச் சதம் 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதே செய்தியைக் கடைசி வரை படிச்சுப் பாருங்க. அடுத்த சில நாட்களில் வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை உயரலாம் என்று வானிலை மையம் சொன்னதாக ஒரு வரி இருக்கும். ஒரே செய்தி, ரெண்டு அளவுகோல். படிக்கிறவர் என்ன செய்வார்? இன்னிக்கு 104, அதோட 3 சேர்த்தா 107னு கணக்கை முடிச்சிடுவார்.

சரியான விடை 109.4. வெட்டவெளியில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவருக்கு இந்த ரெண்டரை டிகிரி சின்ன விஷயம் இல்லை.

கொஞ்சம் விவரமானவர்கள் வேறு இடத்தில் சறுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தை எடுத்து, 3ஐ 9/5ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுவார்கள். 37.4 வரும். ஒரே வாரத்தில் வெயில் 37 டிகிரி ஏறுமா என்ன?

சிக்கல் எங்கே என்றால், ஓர் அளவுகோலில் ரெண்டு சமாச்சாரம் இருக்கு. பூஜ்யத்தை எங்கே வைத்தோம் என்பது ஒன்று. ஒவ்வொரு படியும் எவ்வளவு பெரிசு என்பது இன்னொன்று. தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. அதே தூரத்தை ஒருத்தர் 100 படியாக வெட்டினார், இன்னொருத்தர் 180 படியாக. 180ஐ 100ஆல் வகுத்தால் 1.8. சூத்திரத்தில் வரும் 9/5 இதுதான். 32 என்பது பூஜ்யம் இடம் மாறியதற்கான ஈடு, அவ்வளவே. ஃபாரன்ஹீட் தன் பூஜ்யத்தை ஐஸும் உப்பும் கலந்த குளிர்ந்த கலவைக்குக் கொடுத்துவிட்டார். அதனால் வெறும் ஐஸுக்கு 32 விழுந்தது. (செல்சியஸ் மட்டும் லேசுப்பட்டவரா? 1742இல் அவர் முதலில் வைத்தது கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100! பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டார்கள்.)

ஆக, இப்போ எவ்வளவு சூடு என்று மாற்றும்போது 1.8, 32 ரெண்டும் வேணும். எவ்வளவு கூடியது, குறைந்தது என்று மாற்றும்போது 1.8 மட்டும் போதும். 3 டிகிரி செல்சியஸ் ஏற்றம், 5.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றம். புவி வெப்பமாதல் பேச்சில் வரும் அந்த 1.5ம் இப்படித்தான் 2.7 ஆகும், 34.7 ஆகாது.

மனக்கணக்குக்கு நான் பயன்படுத்தும் வழி: செல்சியஸை இரட்டிப்பாக்கு, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி, 32ஐக் கூட்டு. 40 என்றால் 80, 72, 104. உத்தேசம் இல்லை, துல்லியமான விடை. திரும்பி வர 32ஐக் கழித்து, பாதியாக்கி, அதில் ஒன்பதில் ஒரு பங்கைச் சேர்க்கணும். கெல்வினுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. படி செல்சியஸ் படியேதான், 273.15 கூட்டினால் முடிந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், அளவு மாற்றம் நம் வீட்டுக்குள் செய்திருக்கும் பெரிய குழப்பம் 98.6 தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வுண்டர்லிக் என்ற மருத்துவர் ஏராளமான நோயாளிகளின் உடல் சூட்டை அளந்து, 1868இல் புத்தகமாகப் போட்டார். அவர் சொன்ன இயல்பு அளவு 37 டிகிரி செல்சியஸ், அதாவது ஒரு முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 ஆனது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 6, பெருக்கல் போட்டுவிட்டுப் போன மிச்சம். நம் உடம்பு அத்தனை கறார் பேர்வழி இல்லை. காலையில் கொஞ்சம் குறையும், சாயங்காலம் கொஞ்சம் ஏறும். 99 என்று பார்த்ததும் பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுக்க ஓடுகிற வீடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். காய்ச்சலுக்கு எல்லையாக மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் 100.4ம் இதே ரகம்தான். செல்சியஸில் அது 38.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் பலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அளவுகோலே மாறிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்குத் திரையில் 39.5னு வந்தால், கருவி கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. இரட்டிப்பாக்கினால் 79, பத்தில் ஒன்று போக 71.1, முப்பத்திரண்டோடு 103.1. பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்.