திறந்த அடுக்கும் திறந்த ஆய்விதழும்

நூலகத் துறையில் ‘திறந்த அணுக்கம்’ என்னும் சொல்லாட்சி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தின் பெரும்பாலான பொது நூலகங்களில் வாசகர் நூலடுக்குகளை நெருங்க இயலாது. முகப்பில் நின்று நூலின் பெயரைச் சொல்ல வேண்டும். பணியாளர் உள்ளே சென்று எடுத்து வருவார். 1894ஆம் ஆண்டில் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகம் இவ்வழக்கத்தை மாற்றியது. வாசகர் அடுக்குகளினிடையே தாமே உலவி வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இதற்கே அக்காலத்தில் திறந்த அணுக்கம் என்று பெயர்.

சீர்காழியைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். உடனே லண்டன் சென்று நூலகவியல் பயின்றார். திரும்பி வந்து சென்னையிலும் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காப்பது பற்றியது. பின்னர் காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பணியாற்றி, நூலகவியலை நம் நாட்டில் ஒரு கல்வித்துறையாகவே வளர்த்தார். தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் போன்றோர் பெருமையுடன் நினைக்கத்தக்க பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

இன்று அதே சொல் வேறொரு பொருளில் வழங்குகிறது. இப்பொழுது வாசகரைத் தடுப்பது மரத்தாலான முகப்பு அன்று, சந்தாத் தொகை. ஆராய்ச்சியாளர் ஒருவர் அரசுப் பணத்தில் ஆய்வு செய்கிறார். கட்டுரை எழுதுவதற்கு ஆய்விதழ் அவருக்கு ஊதியம் தருவதில்லை. அதனை மதிப்பிடும் சக அறிஞர்களும் பொதுவாக ஊதியமின்றியே மதிப்பிடுகின்றனர். அச்சேறிய பின்னரோ, அதே கட்டுரையைப் பல்கலைக்கழக நூலகம் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. விலை கொடுக்க இயலாத சிறு கல்லூரி ஆசிரியரும், ஊர்ப்புற மருத்துவரும், தம் நோயைப்பற்றி அறிய விரும்பும் நோயாளியும் வெளியே நிற்கின்றனர். மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களுக்கு எட்டாமற் போவது முறையோ?

இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே திறந்த அணுக்க இயக்கம். 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை அதற்கு ஒரு வரையறை தந்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், பிறருக்கு வழங்கவும் இயல வேண்டும் என்பது அதன் சாரம். இதனை எய்த மூன்று வழிகள் பேசப்படுகின்றன. இதழால் ஏற்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியர் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்ப்பது பசுமை வழி. இதழே கட்டுரையைத் திறந்து வெளியிடுவது பொன் வழி. பெரும்பாலும் இதற்கு வெளியீட்டுக் கட்டணம் உண்டு. 2021இல் ‘நேச்சர்’ இதழ் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ வரை கட்டணம் விதித்தது. எழுதுவோரிடமும் படிப்போரிடமும் கட்டணம் கேளாதது வைர வழி.

கொள்கை நன்று. ஆயின் கொள்கை தானாக நடவாது. அதனை நடத்த அலுவலகம் வேண்டும், அலுவலகத்துக்கு ஒழுங்கு வேண்டும். இவ்வுண்மையைப் பிரிட்டன் அனுபவத்தில் கண்டது. அந்நாட்டு ஆராய்ச்சி மன்றங்கள் 2013 ஏப்ரல் முதல் திறந்த அணுக்கத்தைக் கட்டாயமாக்கி, வெளியீட்டுக் கட்டணத்துக்கெனப் பல்கலைக்கழகங்களுக்குத் தொகுப்பு நிதி வழங்கின. 2016 ஏப்ரலில் மற்றொரு விதி நடைமுறைக்கு வந்தது. இதழால் ஏற்கப்பட்ட கட்டுரையை மூன்று மாதங்களுக்குள் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். இல்லையேல் நாடு தழுவிய ஆய்வு மதிப்பீட்டில் அக்கட்டுரை இடம்பெறாது என்பது அவ்விதி. பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் ஆராய்ச்சி மானியம் அம்மதிப்பீட்டைப் பொறுத்தது. ஒரு மின்னஞ்சல் கவனிக்கப்படாமற் கிடந்தால், பல்லாண்டு உழைப்பின் பயன் கணக்கில் சேராமற் போகக்கூடும் என்ற நிலை ஏற்பட்டது.

இச்சுமை பெரும்பாலும் நூலகத்தின் தோளில் விழுந்தது. கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி ஆசிரியருக்குத்தான் வரும், நூலகத்துக்கு வராது. அவர் சொன்ன பின்னர், எந்த மன்றத்தின் நிதியில் ஆய்வு நடந்தது, அதன் விதி யாது, இதழின் விதி யாது, எந்த உரிமத்தில் வெளியிட வேண்டும், நிதியில் இருப்பு உண்டா என்று நூலகர் பார்க்க வேண்டும். பதிப்பகத்தின் விலைப்பட்டியல் வந்தபின் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பணம் செலுத்திய பின்னும் கட்டுரை உண்மையில் திறக்கப்பட்டதா என்று சரிபார்க்க வேண்டும். இறுதியில் நிதி தந்தவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகமான செயின்ட் ஆண்ட்ரூஸ் இதற்கு ஒரு வழி தேடியது. எடின்பரோ, ஹேரியட்-வாட் ஆகிய பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய கூட்டுத் திட்டத்தின் பகுதியாக, ‘லீன்’ என்னும் முறையால் தன் நூலகத்தின் திறந்த அணுக்கப் பணியை ஆராய்ந்தது. லீன் என்பது ஜப்பானின் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலைகளில் வளர்ந்த உற்பத்தி முறையிலிருந்து பிறந்தது. அச்சொல்லுக்கு மெலிந்தது என்று பொருள். மெலிய வேண்டியது ஆட்களின் தொகையன்று. பயனில்லாத வேலையும் வீணான காத்திருப்பும் ஆகும்.

இம்முறையின் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஸ்காட்லாந்து வரை செல்ல வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதைக் கண்ட எவருக்கும் அது தெரிந்ததே. ஒரு விண்ணப்பம் ஐந்து மேசைகளைக் கடக்க வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு மேசையிலும் உண்மையான வேலை பத்து நிமிடம். ஆனால் முறை வருவதற்கு நான்கு நாள் காத்திருக்கிறது. மொத்த வேலை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கழிந்ததோ இருபது நாள். பணியாளரை விரைந்து செய்யுங்கள் என்று முடுக்கினால் சில நிமிடங்களே மிஞ்சும். இரண்டு மேசைகளைக் குறைத்தாலோ எட்டு நாள் மிஞ்சும். கருத்துச் செலுத்த வேண்டியது வேலையின் மீதன்று, வேலைகளுக்கு இடைப்பட்ட வெளியின் மீது.

இம்முறையில் முதற்படி, சம்பந்தப்பட்ட அனைவரும் ஓரிடத்தில் கூடுவதாகும். நூலகர், கணக்கர், ஆராய்ச்சி அலுவலர், கட்டுரையாசிரியர் ஆகியோர் ஒருசேர அமர்ந்து, இன்று நடப்பது என்ன என்பதைப் படிப்படியாக எழுதிச் சுவரில் ஒட்டுவர். விதிப்புத்தகத்தில் இருப்பதை அன்று, மெய்யாக நடப்பதை. ஒரே விவரம் மூன்று பதிவேடுகளில் எழுதப்படுவதும், எவருக்கும் பயன்படாத ஒப்புதல் ஒன்று வழக்கத்தால் தொடர்வதும் அப்பொழுதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

அடுத்துச் செய்யத்தக்கன சில. ஆசிரியர் எவரிடம் செல்வது என்று அலையாதபடி ஒரே வாயில் அமைக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். விவரத்தை ஒருமுறை மட்டும் பெற வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு உரிய ‘ஆர்க்கிட்’ எண்ணும், கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்ணும் இதற்குத் துணை செய்யும். பெயர் ஒத்த இருவர் இருப்பினும் குழப்பம் நேராது. எளிய விண்ணப்பங்களை வகுத்த முறைப்படி உடனே முடித்து, சிக்கலானவற்றை மட்டும் அனுபவம் மிக்கவரிடம் அனுப்ப வேண்டும். எத்தனை கட்டுரைகள் முடிந்தன என்பதோடு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் காத்திருந்தது என்பதையும் அளக்க வேண்டும்.

இவை அனைத்தினும் சிறந்த உத்தி ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர் ஏற்கனவே நடந்து செல்லும் பாதையிலேயே இப்பணியையும் வைத்துவிடுவது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. அவற்றைக் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் திரட்டுகிறது. பட்டம் பெறும் நடைமுறையோடு சமர்ப்பிப்பு பிணைக்கப்பட்டதால், தனியே நினைவூட்டி வேண்டிக்கொள்ளும் தேவை குறைந்தது. இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் இன்று எவரும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இத்தகைய பிணைப்பு இன்னும் போதிய அளவில் அமையவில்லை. மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் ஒரு கொள்கை வெளியிட்டன. தம் நிதியில் விளைந்த கட்டுரை, இதழால் ஏற்கப்பட்ட இரு வாரங்களுக்குள் களஞ்சியத்தில் சேர வேண்டும் என்று அது கூறுகிறது. மேலே கண்ட ஐந்து மேசைகளில் இருபது நாள் கழியுமாயின், பதினான்கு நாள் என்னும் விதியை எங்ஙனம் காப்பது?

‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை இசைவளித்த அத்திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய்ச் செலவில், 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் திறந்துவிடுகிறது. பெரிய உதவிதான். எனினும் அது வாயிலுக்கு உட்பட்டவர்களுக்கே. தனியார் கல்லூரி ஆசிரியரும், ஓய்வு பெற்ற அறிஞரும், பொதுமக்களும் அதன் வட்டத்துக்குள் வரவில்லை. அவர்களுக்கு வழி திறந்த அணுக்கமே.

நம் இல்லங்களிலும் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கின்றனர். புனேயிலோ கொல்கத்தாவிலோ கான்பூரிலோ பயிலும் மகனோ மகளோ தம் முதற் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது மூன்று செய்திகளைச் சொல்லி வைப்பது நலம். முதலாவது, இதழைத் தேர்வதற்கு முன்பே நூலகரைக் கலந்துகொள்க; பணம் பறிப்பதற்கென்றே நடத்தப்படும் போலி இதழ்களை இனங்காண அவர் உதவுவார். இரண்டாவது, ஏற்கப்பட்ட இறுதிப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்க. பல இதழ்கள் களஞ்சியத்தில் சேர்க்க இசைவது அப்பிரதியைத்தான், அச்சுப் பக்கத்தை அன்று. மூன்றாவது, உரிமைப் பத்திரத்தைப் படியாமல் கையொப்பமிட வேண்டா.

அடுக்குகளைத் திறந்ததோடு ரங்கநாதன் பணி முடிந்துவிடவில்லை. உள்ளே வந்த வாசகர் தேடித் திகையாதபடி நூல்களை வகைப்படுத்தி, 1933இல் கோலன் பகுப்பு முறையையும் அளித்தார். கதவைத் திறப்பது ஒரு பணி. திறந்த கதவின் வழியே நூல் வாசகர் கைக்குச் சேர வழி செய்வது மற்றொரு பணி. இரண்டாவது பணிக்கு விழாவும் இல்லை, பாராட்டும் குறைவு. எங்கோ ஒரு மேசையில் நான்கு நாள் கிடக்க வேண்டிய விண்ணப்பம் அன்றே நகர்கிறது. எங்கோ ஓர் ஊரில் அதுவரை எட்டாத கட்டுரையை ஒருவர் படிக்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அறிந்து செயலாற்றும் நூலகமே வாசகரின் காலத்தைக் காக்கும் நூலகமாகும்.