எரிந்த கடைக்கு எத்தனை பூட்டு?

2021 மார்ச் மாதம் புனே கேம்ப் பகுதி பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எரிந்தது. 16-ஆம் தேதி அதிகாலையில் சிவாஜி மார்க்கெட். 26-ஆம் தேதி இரவு ஃபேஷன் ஸ்ட்ரீட். கட்கி, ராஸ்தா பேட், தேஹு ரோடு என்று தலைமுறைகளாகப் புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஃபேஷன் ஸ்ட்ரீட் நம்மூர் ரங்கநாதன் தெரு மாதிரி. தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். அன்றிரவு ஏறக்குறைய 500 கடைகள் சாம்பலாயின. அந்தத் தீயை அணைத்துவிட்டு வீடு திரும்பிய தீயணைப்பு அதிகாரி ஒருவர் வழியில் உயிரை விட்டார்.

தீ எப்படிப் பிடித்தது, யார் பொறுப்பு என்பதெல்லாம் அப்போதே நிறைய எழுதியாகிவிட்டது. தீயணைப்பு வண்டி கிளம்பிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. கதவு எரிந்திருக்கும், ஜன்னல் கண்ணாடி சிதறியிருக்கும், ஷட்டரைத் தீயணைப்பு வீரர்களே அறுத்திருப்பார்கள். நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் கட்டடத்தை அன்று இரவு யார் காப்பது?

எரிந்த கட்டடத்தில் திருட என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி, அலுமினிய ஜன்னல் சட்டம், ஏசியின் வெளிப்பகுதி, பித்தளைக் குழாய்கள், புகை மட்டும் படிந்த துணி மூட்டைகள், பாதி எரிந்த மேசைக்குள் இருக்கும் கல்லாப் பெட்டி. பழைய இரும்புக் கடைக்கு வழி தெரிந்தவர்களுக்கு இவற்றின் விலையும் தெரியும். 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் எரிந்து, பின் இடிக்கப்பட்டபோது, நகைகள் இருந்த பெட்டகங்கள் இடிபாட்டுக்குள் கிடந்தன. அவற்றை மீட்கும்வரை எத்தனை கண்கள் அந்த இடத்தின்மேல் இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சிறு வியாபாரி இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பல ஆண்டுகளாக நம் நாட்டில் விற்கப்பட்டு வந்த வழக்கமான தீ காப்பீட்டுப் பாலிசியில் ஒரு விலக்கு இருக்கிறது. தீ எரியும்போதோ, அணைந்த பிறகோ பொருள் திருட்டுப் போனால் அதற்கு இழப்பீடு கிடையாது. தீயில் போனதற்குப் பணம் வரும்; தீயில் தப்பி மறுநாள் இரவு திருட்டுப் போனதற்கு வராது. ஃபேஷன் ஸ்ட்ரீட் எரிந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், 2021 ஏப்ரல் 1 முதல், நிலைமை கொஞ்சம் மாறியது. வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா, சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, அதற்கடுத்த நிலைக்கான பாரத் லகு உத்யம் சுரக்ஷா ஆகிய மூன்று பாலிசிகளிலும், தீ நடந்த 7 நாட்களுக்குள் அதன் காரணமாக நேரும் திருட்டும் சேர்க்கப்பட்டது. ஓரிடத்தில் உள்ள சொத்து 5 கோடி ரூபாய் வரை என்றால் சூக்ஷ்ம; அதற்கு மேல் 50 கோடி வரை லகு. ஏழு நாள் கழிந்தால் பாதுகாப்பும் முடிந்தது. எந்தப் பாலிசியாக இருந்தாலும், மேற்கொண்டு சேதம் வராமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்ற நிபந்தனையும் உண்டு. எனவே கதவையும் ஜன்னலையும் அடைப்பது கிளெய்ம் சம்பந்தப்பட்ட காரியமும்கூட. சர்வேயர் வருவதற்கு முன், எரிந்தது எரிந்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். போலீஸ் பஞ்சநாமா முடியும்வரை குப்பையை அள்ளாதீர்கள்.

திருட்டைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில், 1999 டிசம்பர் 3 அன்று, கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. ஒதுங்க இடமில்லாத இருவர் உள்ளே தங்கியிருந்தார்கள். அவர்கள் ஏற்றிய மெழுகுவர்த்தி சாய்ந்ததுதான் காரணம். அவர்கள் வெளியே போய்விட்டது தெரியாமல், உள்ளே ஆள் இருக்கிறது என்று தேடிப் போன தீயணைப்பு வீரர்கள் 6 பேர் திரும்பி வரவில்லை. ஆளில்லாக் கட்டடம் திறந்து கிடந்தால் யாராவது உள்ளே போவார்கள். எரிந்த கட்டடத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் அதன் கூரையையும் படிக்கட்டையும் நம்ப முடியாது.

அடைப்பது எப்படி? மேலைநாட்டு நகரங்களில் இதற்கென்றே இரவு பகலாக வேலை செய்யும் ஆட்கள் உண்டு. ஜன்னல் அளவுக்குப் பிளைவுட்டை வெட்டி வெளியே வைத்து, உள்பக்கம் குறுக்காகக் கனமான மரச்சட்டம் கொடுத்து, இரண்டையும் நீண்ட போல்ட்டால் இறுக்குவார்கள். நிலையிலோ சுவரிலோ ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. இதில் நல்ல யோசனை இருக்கிறது. சூடேறி, பிறகு தண்ணீர் பட்டுக் குளிர்ந்த செங்கல்லும் காரையும் ஆணி அடித்தால் உதிரும். லிண்டல் கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரிந்தால், அந்த ஜன்னலைத் தொடுவதற்கு முன் கீழே முட்டுக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் மூங்கில், தகர ஷீட், நீலத் தார்பாய், அவசரத்துக்குக் கொத்தனார் அடுக்கும் செங்கல். பொருள் எளிமையானதாக இருப்பதில் தவறில்லை. போடும் முறைதான் முக்கியம். தார்பாய் மழையைத் தடுக்கும், ஆளைத் தடுக்காது.

ஷட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்பு எரியாது என்ற தைரியத்தில்தான் கடைக்காரர்கள் ஷட்டர் போடுகிறார்கள். ஏறக்குறைய 550 டிகிரி செல்சியஸில் இரும்பு தன் பலத்தில் பாதியை இழக்கிறது. நன்றாகப் பற்றிக்கொண்ட ஓர் அறை அதைவிடச் சூடாகும். ஷட்டரின் பட்டைகள் நெளிந்து பக்கத்துக் காடியில் சிக்கிக்கொள்ளும். மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் விறைப்பை இழக்கும். அதன் பிறகு அந்த ஷட்டர் தூக்கினால் ஏறாது. ஏறினால் திடீரென்று விழும். தட்டி நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தும் ஷட்டர் ஆளைக் கொல்லும். கனமான தேக்குக் கதவு இந்த விஷயத்தில் மேல். மரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியாகும். மேலே படியும் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் பூட்டிலும் கீலிலும் நடக்கும். ஒயர், குழாய், பொம்மை, செருப்பு என்று பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். தீயணைத்த தண்ணீரில் அது கரைந்து அமிலமாகும். புகைக்கரியோடு அது படிந்த கீல், தாழ்ப்பாள், பூட்டின் உள் நெம்புகோல்கள் எல்லாம் சில நாட்களிலேயே துருப்பிடித்து இறுகும். புனேயில் ஜூன் பிறந்தால் மழை. மார்ச், ஏப்ரலில் எரிந்த கடையை மே கடைசிக்குள் சரியாக மூடாவிட்டால், தீ விட்டதை மழை முடிக்கும். ஆகவே எரிந்த பூட்டைத் துடைத்து மாட்டாதீர்கள். புதிதாக வாங்குங்கள்.

ஆனால் எத்தனை பூட்டு? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததிலிருந்து என்னை விடாத கேள்வி இதுதான்.

ஒருமுறை தீயைப் பார்த்த முதலாளி பயந்துபோகிறார். மிச்சமிருக்கும் சரக்கைக் காக்க இரட்டைப் பூட்டு, ஜன்னலுக்குக் கிரில், பின்வாசலுக்குச் செங்கல் என்று ஏற்பாடு செய்கிறார். காவலுக்கு ஒரு பையனை உள்ளே படுக்க வைக்கிறார். வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாத அந்தப் பையனுக்கும் அது வசதி. வெளியே இருந்து ஷட்டரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிறார்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2016 டிசம்பர் 30 அதிகாலையில் புனே கோந்துவாவில் ஒரு பேக்கரி எரிந்தது. உள்ளே தூங்கிய தொழிலாளர்கள் 6 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக வந்த வெளிமாநிலத்துக்காரர்கள். ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழிந்தது. 2019 மே 9 அதிகாலை, ஹடப்சருக்கு அப்பால் உருளி தேவாச்சியில் ஒரு சேலைக் கடை எரிந்தது. உள்ளே தூங்கிய 5 பேரும் இறந்தார்கள். அங்கும் வெளியே பூட்டு. ஒரே நகரம், ஒரே மாதிரி நேரம், ஒரே மாதிரிப் பூட்டு.

கோந்துவாவிலிருந்து உருளி தேவாச்சிக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. முதல் சம்பவம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ கடைகளில் ஷட்டர் வெளியே பூட்டப்பட்டுத்தான் வந்தது. இன்றும் எத்தனை கடையில் பூட்டப்படுகிறதோ, இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் வெளியே இருந்து சொல்ல முடியாது. பூட்டிய ஷட்டருக்குள் சரக்கு மட்டும் இருக்கிறதா, ஆளும் இருக்கிறாரா என்று எந்தப் பூட்டும் காட்டாது. தீயணைப்பு வண்டி வந்தாலும் அதே குழப்பம்தான். ஆள் இல்லை என்று நினைத்து முதலில் தண்ணீரை அடிப்பார்கள்.

திறந்து வைத்தால் வேலையாளே சரக்கை வெளியே கடத்திவிடுவார் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். சில இடங்களில் அது நடந்தும் இருக்கலாம். அதற்குக் கேமரா இருக்கிறது, சரக்குக் கணக்கு இருக்கிறது. மனிதனைப் பூட்டி வைப்பதை அதற்கு மருந்தாக ஏற்க முடியாது.

புனேக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. 1732-இல் கட்டி முடித்த சனிவார் வாடா என்ற கோட்டை மாளிகை 1828 பிப்ரவரி 27 அன்று தீப்பிடித்து ஏழு நாள் எரிந்தது. மாளிகை முழுக்கப் போயிற்று. கோட்டை மதிலும் வாசல்களும் நின்றன, இன்றும் நிற்கின்றன. வடக்கே பார்த்த தில்லி தர்வாஜாவின் கதவில் யானையின் நெற்றி உயரத்துக்கு அடி நீள இரும்பு முட்கள் இருக்கின்றன. படையெடுப்பைத் தடுக்கச் செய்த கதவு. அந்தக் கதவிலேயே ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குத் திட்டிவாசல் ஒன்றும் வைத்தார்கள். சேனை நுழைய முடியாது, தனி மனிதன் போய் வரலாம். யானைக்குப் பயந்து கதவு செய்தவர்களே ஆள் போக ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இன்றைய கடை ஷட்டரில் அந்தச் சின்னக் கதவை வைக்க ஒரு வெல்டருக்கு ஒரு நாள் வேலை. வெளியே இருந்து இழுத்தால் திறக்காத, உள்ளே இருந்து சாவியில்லாமல் திருகினால் திறக்கும் தாழ்ப்பாள் எல்லா இரும்புக் கடையிலும் கிடைக்கிறது.

வீடுகளையும் விட முடியாது. கோத்ரூடிலும் வாகடிலும் அண்ணாந்து பாருங்கள். நம் அண்ணா நகரும் அப்படித்தான். பால்கனிக்குக் கூண்டு, ஜன்னலுக்குக் கூண்டு, மரக்கதவுக்கு முன் இன்னோர் இரும்புக் கதவு. எதிர் வீட்டில் தீப்பிடித்த மறு வாரமே இன்னும் இரண்டு கிரில் கூடும். மூன்றாவது மாடிக்கு ஏணி வந்தாலும் வீரர் முதலில் கிரில்லை அறுக்க வேண்டும். அதற்குள் புகை அறையை நிரப்பிவிடும். வீட்டில் ஒரு கிரில்லாவது கீல் வைத்துத் திறப்பதாக இருக்கட்டும். அதன் சாவி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, குழந்தை கைக்கும் எட்டும் இடத்தில், வெளி ஆள் கைக்கு எட்டாதபடி தொங்கட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதிகள் வெளியேறும் வழி தடையில்லாமல், பூட்டில்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன. மகாராஷ்டிராவில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டட உரிமையாளர் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இருப்பதாக உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அதில் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குப் பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதைப் பகலில் வருபவர்கள் பார்க்க முடியாது. அதைப் பார்க்கக்கூடியவர்கள் பக்கத்துக் கடைக்காரரும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களும்தான்.

ஆகவே, எரிந்த கட்டடத்தை மூடுபவர்களுக்கு: பிளைவுட் அடியுங்கள், தகரம் போடுங்கள், புதுப் பூட்டு மாட்டுங்கள். அடைத்த பிறகு உள்ளே யாரையும் படுக்க வைக்காதீர்கள். காவலாளி வெளியே உட்காரட்டும், அவருக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுங்கள். எரியாத கடையில் ஆள் தூங்குவதாக இருந்தால், சாவி அவர் கையில் இருக்கட்டும். உங்கள் தெருவில் யாராவது ஆளை உள்ளே விட்டு வெளியே பூட்டுவதைப் பார்த்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள்.