காலம் கடந்து வந்த குத்துச்சண்டை!

"மேவெதரும் பாக்கியோவும் மோதினால் ஜெயிப்பது யார்?"

2009-ம் ஆண்டில் குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், இந்தப் பேச்சுதான். அமெரிக்காவிலும் இதே பேச்சு. பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இதே பேச்சு.

பிளாய்டு மேவெதர் அமெரிக்கர். அவருடைய தந்தையும் குத்துச்சண்டை வீரர். பணத்துக்காக ஆடும் பந்தயங்களில் மேவெதர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

மானி பாக்கியோ பிலிப்பைன்ஸ்காரர். ஏழை வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் தெருவில் ரொட்டி விற்றவர். பிறகு பல எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வாங்கினார். அவர் சண்டை போடும் நாளில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடிவிடும்!

ஒரே ஆளிடம் இருவர்

ரசிகர்களின் வாதம் சுவையானது.

"டி லா ஹோயாவை ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் அவரை வெல்ல மேவெதருக்கு 12 ரவுண்டும் வேண்டியிருந்தது. அதிலும் ஒரு நடுவர் டி லா ஹோயா பக்கம்! 2008-ல் பாக்கியோ என்ன செய்தார்? 8 ரவுண்டு முடிந்ததும், அதே டி லா ஹோயா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லையே!" என்பார் ஒருவர்.

மற்றவர் விடுவாரா?

"அது எப்படி ஒப்பாகும்? மேவெதருடன் மோதியபோது எடை வரம்பு 154 பவுண்டு. பாக்கியோவுடன் மோதியபோது 147 பவுண்டு. இளைத்து, தெம்பு இழந்து வந்த ஆளை அடிப்பது ஒரு பெரிய காரியமா?"

"பாக்கியோவின் இடது கை மின்னல் ஐயா, மின்னல்!"

"மின்னலாகவே இருக்கட்டும். மேவெதர் தோளைச் சாய்த்தால், குத்து வழுக்கிக்கொண்டு போய்விடும்!"

இந்த வழக்கு தீர ஒரே வழிதான் உண்டு. இருவரும் மேடை ஏற வேண்டும்.

பத்து நாள் தகராறு

2009 டிசம்பரில் பேச்சு தொடங்கியது. 2010 மார்ச் 13-ந் தேதி சண்டை என்று திட்டமிட்டார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் வந்தது வினை!

ஊக்க மருந்து சாப்பிட்டிருக்கிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மேவெதர்.

சண்டை நெருங்கும்போது ரத்தம் கொடுத்தால் உடம்பு தளரும் என்றார் பாக்கியோ. சண்டைக்கு 24 நாள் முன்போடு சோதனையை நிறுத்த வேண்டும் என்றது அவர் தரப்பு. 14 நாள் வரை சோதிக்க வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. பத்து நாள்தான் வித்தியாசம்! ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் சமரசம் செய்தும் பலிக்கவில்லை. சண்டை நின்றது.

ஆண்டுகள் ஓடின. 2012 டிசம்பர் 8-ந் தேதி, மெக்சிகோ வீரர் மார்க்குவெஸ் 6-வது ரவுண்டில் விட்ட ஒரே குத்தில் பாக்கியோ குப்புற விழுந்தார். நினைவு தப்பியது. ரசிகர்களின் ஆசையும் அத்துடன் முடிந்தது போலத் தோன்றியது.

பந்தாட்டத்தில் சந்திப்பு

2015 ஜனவரியில் மியாமி நகரில் ஒரு கூடைப்பந்தாட்டம். பார்க்க வந்த மேவெதரும் பாக்கியோவும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்! நடுவில் சந்தித்துப் பேசினார்கள். அடுத்த மாதமே சண்டை முடிவாயிற்று.

2015 மே 2. இடம்: லாஸ் வேகாஸ். மேவெதருக்கு வயது 38, பாக்கியோவுக்கு 36. டெலிவிஷனில் பார்க்கவே ஏறக்குறைய 100 டாலர் கட்டணம். அமெரிக்காவில் 46 லட்சம் பேர் பணம் கட்டினார்கள்.

4-வது ரவுண்டில் பாக்கியோவின் இடது கை மேவெதரைக் கயிற்றோரம் தள்ளியது. ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. மேவெதர் விலகி விலகி, சமயம் பார்த்துக் குத்தினார். நெருங்கி வந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேவெதரின் 148 குத்துகள் பட்டன. பாக்கியோவின் குத்துகள் பட்டது 81 மட்டுமே.

ரவுண்டை வென்றவருக்கு 10 புள்ளி. தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒரு நடுவர் மேவெதருக்கு 118, பாக்கியோவுக்கு 110 போட்டார். மற்ற இருவரும் 116-112 என்றார்கள். மேவெதருக்கு வெற்றி!

கோர்ட்டு தீர்ப்பு

சண்டை முடிந்த பிறகுதான் பாக்கியோ விஷயத்தைச் சொன்னார். பயிற்சியிலேயே அவருடைய வலது தோள் காயப்பட்டிருந்ததாம்! சில நாளில் தோளில் ஆபரேஷன் நடந்தது.

ரசிகர்களுக்கு ஆத்திரம். "மறைத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று பலர் வழக்குப் போட்டார்கள். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. 2019-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பணம் கொடுத்தது சண்டை பார்க்க, சண்டையைப் பார்த்தாகிவிட்டது. அது எதிர்பார்த்தபடி இல்லை என்பதற்காக நஷ்டஈடு கிடையாது!

ரசிகர்களின் வாதம் தீர்ந்ததா? இல்லை. கேள்விதான் மாறியது.

"2010-லேயே மோதியிருந்தால்?"

அப்போது மேவெதருக்கு 33, பாக்கியோவுக்கு 31. இருவரும் உச்சியில் இருந்த காலம். அந்தச் சண்டையை இனி எத்தனை கோடி கொட்டினாலும் நடத்த முடியாது. பணம் காத்திருக்கும், ரசிகன்கூடக் காத்திருப்பான். வீரனின் வயது காத்திருக்குமா?

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்!