சிவப்பு சிக்னலுக்கு ஏங்குபவர்கள்

வழியில் சிவப்பு சிக்னல் விழுந்தால் பயணிக்கு எரிச்சல். இஞ்சினில் இருப்பவருக்கோ அது பல சமயம் வரப்பிரசாதம். இந்திய ரயில்வே இஞ்சின்களில் பல்லாண்டுகளாகக் கழிப்பறை கிடையாது. புதியவை சிலவற்றில்தான் இப்போது வந்திருக்கிறது. மற்றவற்றில் வண்டி நின்றால்தான் ஓட்டுநருக்கு விமோசனம். இதற்குப் பயந்தே டூட்டிக்கு முன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண் ஓட்டுநர்கள் உண்டு. சாப்பிடவும் கழிப்பறை போகவும் இடைவேளை கேட்டார்கள். நடைமுறையில் சாத்தியமில்லை என்று 2025 ஏப்ரலில் பதில் வந்தது.

அதைவிடப் பெரிய பிரச்னை தூக்கம். சரக்கு ரயில் ஓட்டுநருக்குக் கால அட்டவணை என்று ஒன்று இல்லை. முன்பெல்லாம் 'கால் பாய்' சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார். இப்போது செல்போன் தட்டி எழுப்புகிறது. இன்று நண்பகலில் என்றால் அடுத்த அழைப்பு நள்ளிரவு 2 மணிக்கு வரலாம். தொடர்ந்து நான்கு இரவுகள்கூட வேலை பார்க்க வேண்டியிருக்கும். இரண்டோடு நிறுத்துங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

வார ஓய்வுக் கணக்கு இன்னும் விசித்திரம். மாதத்துக்கு 30 மணி நேர ஓய்வு 4 முறை, அல்லது 22 மணி நேரம் 5 முறை என்கிறது விதி. வழக்கமாக டூட்டி முடிந்து வீடு திரும்பினால் கிடைக்கும் 16 மணி நேரமும் இதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டி 46 மணி நேரம் கொடுங்கள் என்கின்றன தொழிற்சங்கங்கள்.

ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டால்? அதற்குக் கருவி இருக்கிறது. சுமார் ஒரு நிமிடம் கையசைவு இல்லாவிட்டால் விளக்கு மின்னும், ஒலி எழும்பும், பிறகு தானாகவே பிரேக் விழும். டூட்டிக்கு வரும்போது மூச்சை ஊதச் சொல்லி மது சோதனையும் உண்டு. 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம் இளநீர், இருமல் மருந்து, சில வகை வாழைப்பழங்களைக்கூட டூட்டிக்கு முன் தொடக்கூடாது என்று உத்தரவிட்டு, கேலிக்குள்ளானதும் வாபஸ் வாங்கியது. எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கும் கருவியைத்தான் இன்னும் காணோம்.

வேலைநேரச் சண்டை புதிதல்ல. 1973 ஆகஸ்டில் இஞ்சின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து 10 மணி நேர டூட்டிக்கு அரசைச் சம்மதிக்க வைத்தார்கள். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் வேறு வழி கண்டார்கள். வேலையை நிறுத்தவில்லை, தங்கள் கணக்குப்படி ஓய்வை எடுத்துக்கொண்டார்கள். ஓய்வெடுத்ததற்கு ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது.

அதே மாதம் 17-ம் தேதி மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. இறந்துபோன சரக்கு ரயில் ஓட்டுநர் மீது அன்றே பழி விழுந்தது. பின்னர் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, பல மட்டங்களில் தவறு நடந்ததையும் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் சுட்டிக்காட்டியது. நிர்வாகக் கோளாறு வெளிவர விபத்து தேவைப்படுகிறது.

ரயில்வே சும்மா இருக்கவில்லைதான். இஞ்சின் அறைகள் குளிரூட்டப்படுகின்றன. 2024-ல் 5,696 உதவி ஓட்டுநர்களுக்கு விளம்பரம் செய்து, விபத்துக்குப் பிறகு அதை 18,799 ஆக உயர்த்தினார்கள். அத்தனை பேர் இல்லாமல்தான் அதுவரை வண்டிகள் ஓடின.

2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு விதிகளுக்கு இண்டிகோ தயாராகாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ரயில் ஓட்டுநர்கள் அதைக் கூர்ந்து கவனித்தார்கள். அந்த விதிகள் விமானிகளுக்கு வார ஓய்வாகத் தருவது 48 மணி நேரம். இவர்கள் கேட்பதைவிட 2 மணி நேரம் கூடுதல்.