நாமும் நாங்களும்: தீமோரின் மக்காசாய் மொழி

இலக்கண வகுப்பிலே ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை விளக்கும்போது, மாணவர் புன்னகை புரிவதை நாம் கண்டிருக்கின்றோம். கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்குவது ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் போர்த்துக்கேய மொழியிலும் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால், நமக்குக் கிழக்கே கடல்கள் பல கடந்து, தீமோர்த் தீவில் வாழும் ஒரு சிறு மக்கட்கூட்டத்தார் இவ்வேறுபாட்டை நம்மைப் போலவே பேணி வருகின்றனர். அவர்கள் மொழியில் ‘ஃபி’ என்பது நாம். ‘இனி’ என்பது நாங்கள். அம்மொழியே மக்காசாய்.

கீழைத் தீமோரின் கிழக்குப் பகுதியிலே, பாவுக்காவு, விக்கெக்கே ஆகிய மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். மாத்தேபியான் மலை இவர்களது நிலத்திலேதான் உயர்ந்து நிற்கின்றது. அப்பெயர் இறந்தோரின் ஆவிகளைக் குறிக்கும். 1978ஆம் ஆண்டிலே இந்தோனேசியப் படையினரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பல்லாயிரவர் அம்மலையிலேயே அடைக்கலம் புகுந்தனர்.

அயலிலே வழங்கும் தெத்தும் முதலிய மொழிகள் மலாய் மொழியோடு உறவுடைய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தன. மக்காசாயோ அக்குடும்பத்தைச் சார்ந்ததன்று. கிழக்கே வழங்கும் ஃபத்தாலுக்கு, தீமோரின் நடுப்பகுதியில் வழங்கும் புனாக், வடக்கே அலோர், பந்தார் தீவுகளின் மொழிகள் ஆகியனவே இதன் உறவினர். மக்காசாய் வேற்றினத்தது என்பதனை அவுஸ்திரேலிய அறிஞர் ஆதர் கப்பெல் 1940களில் எடுத்துக்காட்டினார். எனினும் அயலாரோடு கலந்து வாழ்ந்தோர் சொற்களையும் கடன் கொண்டனர். ஐந்தைக் குறிக்கும் ‘லிமா’ மலாய் மொழியிலும் அதுவே.

இனி, இதன் ஒலிகளை நோக்குவோம். உயிரொலிகள் அ, எ, இ, ஒ, உ என ஐந்தே. ‘அத்த’ என்றால் நெருப்பு. ‘அத்தெ’ என்றால் மரம். இறுதி உயிர் ஒன்றே விறகையும் தீயையும் வேறாக்கிவிடுகின்றது! மூக்கொலிகளுள் மகரமும் னகரமுமே உள. நம்முடைய ஙகரம் அங்கில்லை.

மேலே ‘அத்த’ எனத் தகரத்தை இரட்டித்தமைக்குக் காரணம் உண்டு. தமிழிலே வல்லெழுத்து நிற்கும் இடத்துக்கேற்ப வன்மையாகவோ மென்மையாகவோ ஒலிக்கும். ‘கங்கை’ என்பதில் இரு ககரங்களும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஆயினும் எழுத்து ஒன்றே நமக்குப் போதும். மக்காசாயில் அவ்வாறன்று. அங்கே இவ்விரு ஒலிகளும் தனித்தனி எழுத்துக்களாக நின்று பொருளை வேறுபடுத்துவன. மேலும், இருமத் தொடங்குமுன் தொண்டை கணப்பொழுது அடைபடுகின்றதன்றோ? அவ்வடைப்பும் அங்கே ஒரு மெய்யொலி. அதனை உரோம எழுத்துக்களிடையே ஒரு சிறு மேற்குறியால் எழுதுவர். வாக்கியத்தின் இறுதியில் வினையை வைப்பதிலும் அம்மொழி தமிழை ஒத்தது. இதனை உறவென்று மயங்கலாகாது. தொடர்பற்ற மொழிகளிடையேயும் இத்தகைய ஒற்றுமைகள் தோன்றுதல் உண்டு.

யாழ்ப்பாணத்தை 1658இல் இழந்த போர்த்துக்கேயர், கீழைத் தீமோரை 1975 வரை ஆண்டனர். பின்னர் 1999 வரை இந்தோனேசிய மொழி பாடசாலைகளில் புகுந்தது. 2002இல் விடுதலை பெற்ற நாடு, தெத்துமையும் போர்த்துக்கேய மொழியையும் அரசகரும மொழிகளாக்கியது. ஏனைய தேசிய மொழிகளும் மதித்து வளர்க்கப்படும் என்று அரசியலமைப்பிலே எழுதியது. தாய்மொழி வழிக் கல்வியைப் பரிசோதிக்க 2012இல் மூன்று மொழிகளைத் தெரிந்தனர். அம்மூன்றனுள் மக்காசாய் இடம்பெறவில்லை.

வீட்டிலே பேசிய மொழியை வகுப்பறை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே செல்லும் பிள்ளைக்கு, ஆசிரியர் சொல்லும் ‘நாம்’ என்பதில் தானும் அடக்கமோ என்ற ஐயம் எழாதா? அவ்வையத்தைத் தீர்ப்பது எழுதிவைத்த சட்டம் மட்டுமன்று. அதனை நடைமுறைப்படுத்தும் பாடசாலையுமாம்.