நீரறிந்து மீன் விடு

“மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?” என்பது நம் நாட்டுப் பழமொழி. வேண்டியதில்லைதான். ஆனால் எந்த மீன் எந்த நீரில் நீந்தும் என்பதை மனிதன் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பாடம் எனக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க் குளக்கரையில், என் அப்புச்சியிடம் கிடைத்தது.

என் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் தமிழ் பேசும் ஊர். கேரளம் என்றதும் நண்பர்கள் ஓயாத மழையையும் காயலையும் எண்ணிக்கொள்வார்கள். எங்கள் பக்கமோ மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அந்த நீரைப் பற்றிய பேச்சில்லாமல் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை ஒரு நாளும் திறந்ததில்லை.

சென்ற விடுமுறையில், ஊர் இளைஞர்கள் சிலர் குளத்தில் மீன் வளர்ப்பது என்று முடிவு செய்தார்கள். “நீ பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், என்ன மீன் விடலாம், சொல்” என்றார்கள். நான் சற்றும் தயங்கவில்லை. “டிரவுட் விடலாம்!” என்றேன்.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரந்தான் மூணாற்றில் தோட்ட வேலையிலிருக்கும் என் மாமா வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மலையேறினால், காலையில் வியர்த்த உடம்பு மாலையில் கம்பளி கேட்கும். ராஜமலைப் பக்கம் ஓர் ஓடையைக் காட்டி, “மாப்பிள்ளை, இதிலே துரைமார் விட்ட மீன் இருக்குது, டிரவுட்டு. சும்மா பாருங்க, தூண்டில் போட அனுமதி வேணும்” என்றார் மாமா. கண்ணாடி போன்ற நீரில், கூழாங்கற்களுக்கு மேல், ஓட்டத்தை எதிர்த்தபடி ஒரு மீன் அசையாமல் நின்றது. விலாவில் இளஞ்சிவப்புக் கோடு, உடலெங்கும் கரும்புள்ளி. கண்ணிமைத்தேன், காணோம்! அன்றிலிருந்து அந்த மீனே என் நினைவாயிற்று.

இந்த மீன் நம் மலைக்கு வந்த கதை சுவையானது. வானவில் டிரவுட்டின் தாயகம் பசிபிக் மாகடலின் வடகரைகள்: வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியும், ஆசியாவின் கம்சட்காவும். நம் மலைகளில் குடியேறிய ஐரோப்பியர்கள் தேயிலையைப் போலவே தங்கள் தூண்டில் விளையாட்டையும் உடன் கொண்டுவர விரும்பினார்கள். சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்தவரும், மீன் நூல் வல்லவருமான பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். கடல் கடந்து வரும் வழியில் வெப்பம் முட்டைகளைக் கொன்றுவிடும். பிறகு எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட்டும் நிலைத்தது. மூணாற்றுத் தோட்ட அதிகாரிகளும் அதே வழியில் சென்றனர். ராஜமலையில் பொரிப்பகம் வந்தது. இன்று வரையாடுகளுக்குப் புகலிடமாக விளங்கும் இரவிகுளம், 1978இல் தேசியப் பூங்காவாக ஆவதற்கு முன் அவர்களுடைய வேட்டைக் காடாகவும் மீன்பிடி நீராகவும் இருந்தது.

இதைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையும் அறியத்தக்கது. முட்டை முதிர்ந்த பெண் மீனை எடுத்து, வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை ஒரு பாத்திரத்தில் இறக்குவார்கள். ஆண் மீனின் விந்தை அதன்மேல் பீய்ச்சி, ஓர் இறகால் கலப்பார்கள். பிறகு குளிர்ந்த நீர் ஓடும் தட்டுகளில் பரப்பிவைப்பார்கள். நீரின் வெப்பம் 10 பாகையானால், பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஓடைக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு வாளி மீனை விட்டால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு, இது ஒரு தொட்டில் பிள்ளை வளர்ப்பாகவே தோன்றிற்று.

இத்தனையும் சொல்லி முடித்ததும் அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. குளக்கரைக்கு அழைத்துப் போனார். நண்பகல். “கையை விடு கண்ணு” என்றார். விட்டேன். வெந்நீர் அண்டாவில் விட்டது போலிருந்தது. “உன் மீனு இதிலே குளிக்குமா, வேகுமா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வேறு வழி?

அப்புச்சி கையால் கண்டதை விஞ்ஞானம் கணக்கால் சொல்கிறது. மீனுக்கு வேண்டிய பிராணவாயு நீரில் கரைந்திருக்கிறது. கடல் மட்டத்தில், 10 பாகைக் குளிர்நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகை நீர் ஏழரை மில்லிகிராமைத்தான் தாங்கும். ஆனால் நீர் சூடாகச் சூடாக மீனின் உடல் விரைந்து இயங்கி, அதிகப் பிராணவாயு கேட்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. குடும்பம் முழுகாமல் என்ன செய்யும்? டிரவுட்டுக்கு 10 முதல் 18 பாகை வரை இன்பம். 25ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. எங்கள் குளம் கோடையில் 30ஐத் தாண்டும்.

சரி, சூடு தாங்கும் தூண்டில் மீனே மேல்நாட்டில் இல்லையா? உண்டு, அதன் பெயர் பாஸ். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலக் கடற்கரையில், மணல்மேடுகளுக்குப் பின்னால் சிறு நன்னீர் ஏரிகள் பல இருக்கின்றன. வசந்தத்தில் நீர் குளிர்ந்திருக்கும்போது, பொரிப்பகத்திலிருந்து விட்ட டிரவுட்டை அங்கே பிடிப்பார்கள். கோடையில் நீர் சூடேறியதும் டிரவுட் ஆழத்துக்குப் போய்விடும். பாசி படர்ந்த கரையோரங்களில் பெருவாய்ப் பாஸ் வேட்டைக்கு வரும். டிரவுட்டுக்கு இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை ஓடும் நீரில் மிதக்கவிட வேண்டும். அது எதிரோட்டம் பார்த்து நிற்பதால் பின்புறமாக ஓசையின்றி அணுக வேண்டும். பாஸுக்கோ பாசியின் ஓரத்தில், தவளை போலத் துள்ளும் பொய் இரையைப் போட வேண்டும்.

இதைக் கேட்டதும் அப்புச்சியின் முகம் மலர்ந்தது. “அடே, இது நம்ம விரால்!” என்றார். உண்மைதான். இரண்டும் ஒரே குலத்தவை அல்ல. ஆயினும் தொழில் ஒன்று. பாசி மறைவில் பதுங்கித் தவளையைப் பாய்ந்து கவ்வும். ஆண் பாஸ் கூடுகட்டிக் குஞ்சுகளைக் காக்கும். விராலும் தன் குஞ்சுக் கூட்டத்தை விட்டகலாது காக்கும். விராலுக்கு ஒரு சிறப்பும் உண்டு: நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றையே விழுங்கும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றில் நாள் கழிக்கும். எங்கள் குளத்துக்கென்றே பிறந்த மீன் அன்றோ!

“அந்தக் காலத்திலே கோடையில் குளம் இறங்கினா, ஊரே ஊத்தாவோடு இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை என்று வீட்டுக்கு வீடு மணக்கும். இப்போ எங்கே பார்த்தாலும் ஜிலேபி” என்றார் அப்புச்சி.

ஜிலேபி மீனின் கதையும் டிரவுட்டின் கதைதான்; முடிவு மட்டும் வேறு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைக்கு மலிவான உணவு கிடைக்கட்டும் என்ற நன்னோக்கந்தான். ஆனால் இதற்குத் தொட்டிலும் வேண்டாம், பொரிப்பகமும் வேண்டாம். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். பிறந்த சில மாதங்களிலேயே குஞ்சு தாயாகிவிடும். குளத்தில் கூட்டம் பெருகும். பெருகப் பெருக மீன் குறுகும். நாட்டு மீனுக்கு இரையும் இடமும் போகும். 1959இல் இதை மேலும் பரப்புவதற்குத் தடை விதித்தார்கள். தடையை மீன் படித்ததா? குளம் குளமாகப் பரவிவிட்டது.

உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்று வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் வானவில் டிரவுட், பெருவாய்ப் பாஸ், ஜிலேபி மூன்றும் இடம்பெற்றுள்ளன. கலிபோர்னியாவின் சியரா மலையில் மீனே இல்லாதிருந்த ஏரிகளில் டிரவுட்டை விட்டார்கள். அங்கிருந்த தவளைகள் அருகின. சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை அகற்றியதும் தவளைகள் திரும்பி வந்தன. எனவே நம் மலையோடையில் நான் கண்ட அந்த அழகிய மீனை இப்போது வியப்போடு மட்டும் எண்ண முடியவில்லை. அதற்கு முன் அந்த ஓடையில் யார் குடியிருந்தார்கள் என்றும் எண்ணத் தோன்றுகிறது.

மீனைக் குறைகூற இதை எழுதவில்லை. மீன் தன் இயல்பில்தான் வாழ்கிறது. துரைமார் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் பசி தீர்க்கக் கொண்டுவந்தார்கள். நோக்கம் வேறானாலும் இருவரும் நீரைக் கேட்கவில்லை. ஓரிடத்தில் நீர் மீனைத் தடுத்துக் கட்டிவைத்தது. மற்றோரிடத்தில் கதவைத் திறந்துவிட்டது.

எங்கள் இளைஞர்கள் இறுதியில் விரால் குஞ்சு விடுவதென்றே முடிவு செய்தார்கள். முதலில் குளத்தைத் தூர் வாருவதென்றும், கோடையில் எத்தனை மாதம் நீர் நிற்கிறது என்று ஓராண்டு குறித்துவைப்பதென்றும் சேர்த்து முடிவாயிற்று. குறிப்பேடு என் பொறுப்பு. நான் இங்கிருக்கும் நாட்களில் அப்புச்சி சொல்ல, என் தங்கை எழுதுகிறாள்.

மாணவ நண்பர்களே! நாமெல்லாம் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது நம்மிடமும் யோசனை கேட்பார்கள். சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், ஒரு முறை குளத்தில் கையை விட்டுப் பார்ப்போம்.