கோழிக்கும் கொஞ்சம் மண் விடுங்கள்

வேலூர் சாலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஏதாவது ஒரு தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள். புது மாடி வீடு ஒன்று. அதை ஒட்டி, எல்லைக்கல் நட்டுப் போட்ட காலி மனை. அதற்கடுத்து ஓர் ஓட்டு வீடு, அதன் பின்னால் எருக்குழி. அந்த எருக்குழியை ஒரு தாய்க்கோழி கிளறிக்கொண்டிருந்தால், வேங்கிக்கால் இன்னும் முழுசாக டவுன் ஆகிவிடவில்லை என்று அர்த்தம்.

2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது, சுற்றியிருந்த ஊராட்சிகளோடு வேங்கிக்காலும் அதற்குள் வந்துவிட்டது. இதில் கோழிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நிறையவே வந்தது. கழனியாக இருந்ததெல்லாம் மனையாகிறது, மனையெல்லாம் காம்பவுண்டுச் சுவராகிறது. சுவருக்குள் மிச்சமிருக்கும் முற்றத்துக்கும் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிடுகிறோம். புறக்கடை என்ற ஒன்றே இல்லாத வீட்டில் புறக்கடைக் கோழி எங்கே மேயும்? குஞ்சு தர அரசுத் திட்டம் இருக்கிறது, வளர்ப்பைக் கற்றுத்தரக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. மண்ணை மட்டும் யாரும் கொண்டுவந்து தர முடியாது. அதை நாம்தான் விட்டுவைக்க வேண்டும்.

கோழி நம்மிடம் வந்து சேர்ந்ததே மேய்ச்சலைத் தேடித்தான். வீட்டுக்கோழியின் மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய மணியைப் பொறுக்கக் காட்டுக்கோழி இறங்கி வந்தது, வந்தது அப்படியே தங்கிவிட்டது. நம் தென்னாட்டுக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இந்த உறவில் பங்கு உண்டு. பல கோழிகளுக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள்.

நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் கல் நட்டிருக்கிறார்கள், எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், கோவிவன் என்ற நாய்க்கும் நடுகல் உண்டு. வீட்டு உயிரை வீட்டு ஆள்போல மதித்த சீமை இது.

தீனியைக் கொட்டி வைத்தால் போதாதா, எதற்கு வெளியே விட வேண்டும் என்பவர்களுக்கு இங்கிலாந்தில் இருந்து ஒரு பதில் இருக்கிறது. 1989இல் மரியன் டாக்கின்ஸ் என்ற ஆய்வாளர், ஒரு விலங்குப் பூங்காவில் திரிந்த காட்டுக்கோழிகளைக் கவனித்து எழுதினார். அவற்றுக்கு வேளை தவறாமல் தீனி கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பெட்டைகள் பகலில் பாதிக்கு மேற்பட்ட நேரம் தரையைக் கொத்திக்கொண்டே இருந்தன. வயிறு நிறைந்தாலும் அலகும் காலும் அடங்குவதில்லை. கிளறுவது கோழியின் குணம். கூண்டில் முட்டையிடும் கோழிக்கு நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் இடம் 450 சதுர சென்டிமீட்டர் அளவுதான். ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் அதைவிடப் பெரியது. இந்த நிலை மாற வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டது. நாலு கோழி வளர்க்கும் வீட்டுக்கு அந்தச் சட்டமெல்லாம் தேவையில்லை. காலையில் கூட்டின் கதவைத் திறந்தால் போதும்.

திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் கோழியைக் கையில் எடுத்து, பின்பக்கம் விரலால் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே முட்டை தட்டுப்பட்டால் அந்தக் கோழிக்கு உடனே விடுதலை இல்லை. கூடை போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள், முட்டையிட்ட பிறகுதான் மேய்ச்சல். இல்லாவிட்டால் அது வேலிப்புதரில் இட்டுவைக்கும், பாம்புக்கோ கீரிக்கோதான் லாபம். ஒரு நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்கு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். வருஷத்துக்கு மூன்று நான்கு பருவம்தான். அதில் ஒரு முட்டை போனாலும் போனதுதான்.

புதிதாக வாங்கி வந்த கோழியை அன்றைக்கே திறந்துவிடுவது பெரும் தவறு. ஐந்தாறு நாளாவது கூட்டிலேயே வைத்துத் தீனி கொடுத்தால்தான் இடம் மனதில் பதியும். பிறகு பொழுது சாய்ந்தால் கூப்பிடாமலே வந்து அடையும், ஏனென்றால் இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. வந்ததும் ஒரு கை குருணையோ கம்போ இறையுங்கள். எண்ணி முடித்துக் கதவைச் சாத்துங்கள். பகலில் கோழிக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கிறோமோ, ராத்திரிக்கு அவ்வளவு பத்திரமாகக் கூடு இருக்க வேண்டும். வேங்கிக்காலில் இப்போது கோழிக்குப் பெரிய எமன் நரியோ காட்டுப்பூனையோ அல்ல, தெருநாய்.

குஞ்சுகளுக்குப் பயம் மேலிருந்து. பருந்தும் வல்லூறும் காகமும் குஞ்சு தூக்கும். தாய்க்கோழி வானத்து எதிரிக்கு ஒரு குரலும், தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரலும் கொடுக்கும். ஆய்வாளர்கள் அந்தக் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது, வானத்துக் குரலைக் கேட்ட கோழிகள் நிழல் தேடிப் பதுங்கின, தரைக் குரலைக் கேட்டவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்த்தன. அவ்வளவு தெளிவாகத் தாய் எச்சரித்தாலும், ஓடி ஒளிய ஒரு புதர் வேண்டாமா? ஒரு முருங்கை, நாலு கருவேப்பிலைக் கன்று, ஓரமாகக் கொஞ்சம் ஆடாதொடை இருந்தால் குஞ்சு பிழைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலிலும் அதுதான் காப்பாற்றும். கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க முடியும். சித்திரை, வைகாசியில் விடிந்ததும் திறந்து, பத்து மணி வெயிலுக்குள் நிழலில் தண்ணீர் வைத்துவிட்டு, நாலு மணிக்கு மேல் மறுபடி மேயவிடுவதே நல்லது.

இடம் குறைந்த வீட்டில் மேய்ச்சலுக்குத் துணையாகக் கரையான் பானை வைக்கலாம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, உடைத்த வரட்டி, வைக்கோல் போட்டு அடைத்துத் தண்ணீர் தெளியுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் வாயைக் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் நிமிர்த்தினால் வைக்கோல் முழுக்கக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுகள் நடுவில் தட்டிவிட்டால், அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காசு செலவில்லாத புரதம் அது.

வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி மூன்று நான்கு மடங்கு அதிகம் என்று ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழக ஆய்வு 2014இல் காட்டியது. மேய்ச்சல் கோழிக்காகப் பேசுகிறவர்கள் இதை ஆசையாகச் சொல்வோம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோழி கொத்துவதெல்லாம் முட்டைக்குள் வரும். நெதர்லாந்தில் வீட்டுக்கோழி முட்டைகளில் பிஎஃப்ஏஎஸ் என்ற, எளிதில் அழியாத ரசாயனங்கள் சேர்ந்திருப்பதைக் கண்டு, அந்த முட்டைகளைச் சாப்பிட வேண்டாம் என்று 2025இல் அரசின் பொதுச் சுகாதார நிறுவனமே நாடு முழுக்க அறிவுறுத்தியது. நம் காலி மனைகளில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பாலிதீன், தெர்மாகோல், பழைய பேட்டரி, குப்பையைக் கொளுத்திய சாம்பல். பிளாஸ்டிக் எரிந்தால் உண்டாகும் டையாக்சின் மண்ணில் தங்கி, கோழி வழியாக முட்டையின் கொழுப்பில் சேரும். மேயவிட்டதாலேயே முட்டை சுத்தம் என்று நம்புவது பிள்ளைக்கு நாமே தீங்கு செய்வதாகும். மேயவிடும் இடத்தில் குப்பை கொளுத்தக் கூடாது, பக்கத்து வீட்டாரையும் கொளுத்தவிடக் கூடாது.

பக்கத்து வீடு என்றதும் சண்டை நினைவுக்கு வரும். “அக்கா, உங்க கோழி எங்க கீரைப் பாத்தியைக் கிளறிப் போட்டுடுச்சு” என்பதில்தான் எல்லாம் தொடங்கும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி முளைக்க வைத்த கீரை அது. கோழி வைத்திருப்பவர்தான் இறங்கிப் போக வேண்டும். பாத்திக்குப் பழைய வலையோ முள்ளோ போட்டுக் கொடுக்கலாம், இரண்டு முட்டை கொடுக்கலாம், விதைத்த பதினைந்து நாளைக்குக் கோழியை மதியத்துக்கு மேல் மட்டும் விடலாம். ஒரு பெட்டையை வாரத்துக்குக் கொடுத்து, வளர்ந்த குஞ்சுகளைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கே வாரத்துக்குக் கொடுத்துவிட்டால் புகாருக்கு இடமே இல்லை.

இத்தனையும் செய்துவிட்டு ஊசி போடாமல் விட்டால் எல்லாம் வீண். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே கோழியில்லாமல் ஆகிவிடும். 1920களின் கடைசியில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இயங்குகிறது, நமக்கு ரொம்பத் தூரமும் இல்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறை ஊர் ஊராக இரண்டு வார முகாமும் நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரியில்.

மேய்ச்சல் கோழிகளுக்கு ஊசி தவறிப்போவதற்கு முக்கியமான காரணம் மிகச் சின்னது. முகாமுக்கு ஆள் வரும் நேரத்தில் கோழி கூட்டில் இருக்காது. விடிந்ததும் திறந்துவிட்டோம், அது மூன்று மனை தாண்டிப் போயிருக்கும், துரத்திப் பிடிக்க ஆள் இருக்காது. ஆகவே முகாம் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை மட்டும் கூட்டைத் திறக்காமல் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வையுங்கள். ஊசி போட்டு முடித்ததும் திறந்துவிடலாம்.